ஆற்றங்கரைக் கிடங்கு வீடான பின்: அறிகுறி கொண்டு பழுது காணும் வழிமுறை

ஆற்றங்கரையில் நிற்கும் பழைய சரக்குக் கிடங்கு வீடுகளாகப் பிரிக்கப்படும்போது, தேயிலைக்கும் சர்க்கரைக்கும் தோலுக்கும் கம்பளிக்கும் எழுப்பிய சுவர்களுக்குள் மனிதர்கள் சமைக்கவும் குளிக்கவும் உறங்கவும் தொடங்குகிறார்கள். லண்டனின் வாப்பிங் பகுதியில் 1870-ஆம் ஆண்டளவில் தேயிலைக்காகக் கட்டப்பட்ட ஆலிவர்ஸ் வார்ஃப் 1970-களின் தொடக்கத்தில் இப்படி வீடுகளானது. அதன் பிறகு துறைமுக நகரங்கள் பலவற்றில் இதே மாற்றம் நடந்திருக்கிறது. இக்கட்டிடங்களில் தோன்றும் பழுதுகளில் பெரும்பாலானவை கட்டிடம் கெட்டுப்போனதால் வருபவை அல்ல. அது செய்து பழகிய வேலை ஒன்று, இன்று அதனிடம் நாம் கேட்கும் வேலை வேறொன்று என்பதால் வருபவை. எனவே புதிய அடுக்குமாடிக்கு உரிய மருந்தை இங்கே இட்டால் பல சமயம் நோய் கூடிவிடுகிறது.

பழுதைத் தேடும்போது "எங்கே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எப்போது" என்று கேட்பவர் குறைவு. ஆற்றங்கரைக் கிடங்கில் இரண்டாவது கேள்விக்குத்தான் விடை விரைவாகக் கிடைக்கும். ஏனெனில் அங்கே ஈரமும் ஒலியும் அசைவும் நான்கு கணக்குகளில் ஒன்றைப் பின்பற்றியே வருகின்றன: ஆற்று நீரின் ஏற்ற இறக்கம், மழை, பருவம், வீட்டாரின் அன்றாடப் பழக்கம். ஆகவே எந்தப் பழுதானாலும், கொத்தனாரை அழைப்பதற்கு முன் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். அறிகுறி தோன்றிய நாள், மணி, அன்றைய மழை, காற்றடித்த திசை, ஆற்றில் நீர் உச்சத்தில் நின்ற நேரம், வீட்டில் அப்போது சமையலோ குளியலோ நடந்ததா என்பவற்றை எழுதி வையுங்கள். அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறு கருவி ஒன்றும், அளவுகோலை ஒட்டி வைத்து எடுத்த புகைப்படங்களும் இருந்தால் போதும். நான்கு வாரக் குறிப்பு, ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகும் நிபுணரின் கண்ணைவிடப் பல நேரங்களில் கூர்மையானது.

காத்திருக்கக் கூடாத சில உண்டு. எரிவாயு வாடை, மின்பலகை அருகே நீர், கண் முன்னே அகலும் விரிசல், திடீரெனத் தாழ்ந்த உத்தரம், வெளிச் சுவரிலிருந்து கீழே விழுந்த செங்கல் ஆகியவற்றுக்குக் குறிப்பேடு தேவையில்லை. வெளியேறிய பின் உரியவரை அழையுங்கள்.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். தமிழில் சுவர் ஈரத்துக்கும் ஓதம் என்கிறோம், கடலேற்றத்துக்கும் ஓதம் என்கிறோம். ஆற்றங்கரைக் கிடங்கில் வசிப்பவர்கள் இந்த இரண்டையும் உண்மையிலேயே குழப்பிக்கொள்வதுண்டு. சுவர் நனைந்தால் ஆறுதான் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆகவே இங்கே அந்தச் சொல்லை விட்டுவிட்டு, சுவரில் தங்குவதை ஈரம் என்றும் ஆற்று நீர் உயர்வதை ஏற்றம் என்றும் சொல்கிறேன்.

சுவர் நனைகிறது, உப்புப் பூக்கிறது, காரை உதிர்கிறது

மிகுதியாக வரும் புகார் இதுதான். மிகுதியாகத் தவறான சிகிச்சை பெறுவதும் இதுதான். கிடங்குச் சுவர்கள் நடுவே இடைவெளி இல்லாத முழுச் செங்கல் சுவர்கள். அடித்தளத்தில் மிகத் தடிமனாகத் தொடங்கி, ஒவ்வொரு மாடிக்கும் சற்றுச் சற்றாக மெலிந்துகொண்டே மேலேறுபவை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்ட அந்தச் சுவர் மழையைத் தடுப்பதில்லை. மழையைக் குடித்து, வெயிலும் காற்றும் வரும்போது அதே வழியாக வெளியே விடுகிறது. இந்த மூச்சு நிற்காதவரை சுவருக்குக் கேடு இல்லை.

முதலில் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று பிரித்தறியுங்கள். நனைந்த இடத்தைத் துணியால் துடைத்து, ஒரு சாண் சதுரத்துக்குத் தெளிவான நெகிழித் தாளை நான்கு ஓரமும் இறுக ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அறைப்பக்கத்தில் நீர் படிந்திருந்தால் அது காற்றின் ஈரம். அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப்பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. இது முடிந்த தீர்ப்பன்று, ஆயினும் தேடலைப் பாதியாகக் குறைக்கும்.

சுவரிலிருந்துதான் என்றால் குறிப்பேட்டைத் திறவுங்கள். மழை பெய்து சில மணி நேரத்திலோ மறுநாளோ ஈரம் கூடுகிறது, அதுவும் காற்று ஒரே திசையிலிருந்து அடித்த நாட்களில் மட்டும் கூடுகிறது என்றால், வெளிச் சுவரைப் பாருங்கள். செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்து கருஞ்சாம்பல் நிறத்தில் கல்போல் கடினமாக இருந்தால், எப்போதோ ஒருவர் சுண்ணாம்பைச் சுரண்டியெடுத்துவிட்டுச் சிமெண்ட் வைத்திருக்கிறார் என்று பொருள். சிமெண்ட் ஓரங்களில் மயிரிழை வெடிப்பு விடும்; அதன் வழியே நீர் உள்ளே போகும்; போன நீர் அடர்ந்த சிமெண்டைக் கடந்து வெளியேற இயலாமல், மென்மையான செங்கல் வழியாக வெளியேறும். செங்கல்லின் முகம் ஏடு ஏடாக உரிந்து, சாந்துக்கோடு மட்டும் துருத்தி நிற்கும் சுவரைக் கண்டால் ஐயமே வேண்டாம். பரிகாரம், அந்தச் சிமெண்டைக் கையால் பொறுமையாக அகற்றிச் சுண்ணாம்புச் சாந்து நிரப்புவதுதான். சுழலும் வெட்டுக்கருவியைக் கொண்டு அவசரமாக அகற்றினால் செங்கல்லின் ஓரங்கள் உடைந்து, பழுது நிரந்தரமாகிவிடும். நீரை விலக்கும் தெளிவான திரவம் பூசினால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வெடிப்பு இருக்கும்வரை நீர் நுழையும் வழி திறந்தேதான் இருக்கும். அந்தப் பூச்சு வெளியேறும் வழியைத்தான் குறைக்கும்.

மழைக்குப் பின் ஈரம் செங்குத்தான பட்டையாக மேலிருந்து கீழே இறங்கினால் சுவரை விட்டுவிட்டுக் கூரையோரத்து வடிகாலையும் சுவரை ஒட்டிய மழைநீர்க் குழாயையும் பாருங்கள். வார்ப்பிரும்புக் குழாயின் வெடிப்பு பெரும்பாலும் சுவரைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். வெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. சிறு கண்ணாடியைக் குழாய்க்குப் பின்னால் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

இனி, கிடங்குகளுக்கே உரிய ஒரு விந்தை. மழையில்லை, ஆற்றில் ஏற்றமில்லை, குழாயில் ஒழுக்கில்லை. ஆனாலும் காற்று கனத்த நாட்களில் சுவரில் ஒரு திட்டு கறுத்து நனைகிறது, வறண்ட நாட்களில் தானே காய்கிறது. இது கசிவு அன்று. அங்கே பல்லாண்டுகள் அடுக்கி வைத்த சரக்கின் உப்பு செங்கல்லுக்குள் இறங்கி இன்னும் இருக்கிறது. சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். தோல் பதப்படுத்தவும் மீனைப் பதனிடவும் உப்பைப் பயன்படுத்திய காலத்துச் சரக்கு நின்ற சுவர் இன்றும் அதைச் செய்துகொண்டிருக்கிறது. இரு ஊசிகளைச் சுவரில் குத்திப் பார்க்கும் மின் ஈரமானி இந்த இடத்தில் ஏமாற்றும். உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால், ஏறக்குறைய காய்ந்த சுவரையும் அது தொப்பலாக நனைந்ததாகக் காட்டும். அந்த ஒரே அளவை வைத்துக்கொண்டு சுவரில் வரிசையாகத் துளையிட்டு இரசாயனம் ஏற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவரின் உள்ளேயிருந்து எடுத்த தூளை எடையிட்டு உலர்த்திப் பார்க்கும் சோதனையையும், அதே தூளில் உப்புச் சோதனையையும் கேளுங்கள்.

உப்புத்தான் காரணம் என்று தெரிந்தால், பூத்ததை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேயே போகும். பழுதடைந்த காரையை நீக்கி, உப்பை வாங்கிக்கொள்ளும் சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசி, அது நிறைந்தபின் அதையும் நீக்கிப் புதிதாகப் பூசுவது பழைய, மெதுவான, நம்பத்தகுந்த வழி. சிலர் அந்தத் திட்டை அப்படியே செங்கல்லாக விட்டுவிடுகிறார்கள், அதுவும் குற்றமில்லை.

நீரின் வழியை அடைத்த பிறகும் பொறுமை வேண்டும். தடித்த சுவர் உலர, ஒவ்வோர் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டிடத் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. 450 மில்லிமீட்டர் சுவர் என்றால் ஒன்றரை ஆண்டு. மூன்றாம் மாதமே "இன்னும் ஈரமாக இருக்கிறது" என்று மனம் உடைந்து, அதன்மேல் நெகிழிச் சாயம் அடித்து மூடியவர்களின் சுவர்தான் மறு ஆண்டு கொப்பளித்து நிற்கும்.

ஜன்னலிலும் இரும்பிலும் நீர் துளிர்க்கிறது

விடியற்காலையில் மிகுந்து, நண்பகலுக்குள் குறைந்து, குளிர்காலத்தில் வந்து கோடையில் மறைவது காற்றின் ஈரம். அறை 20 பாகை வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால், 12 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். கிடங்கின் மெல்லிய இரும்புச் சட்ட ஜன்னல்கள் குளிர்நாளில் அந்த அளவை எளிதில் எட்டிவிடுகின்றன. சரக்கு ஏற்றி இறக்க ஒவ்வொரு மாடியிலும் வைத்திருந்த பெரிய கதவு வாய்களைக் கண்ணாடியிட்டு மூடியிருக்கும் இடங்களும் அப்படியே.

விட்டத்தின் முனையில் மட்டும் சொட்டுவது கூரைக் கசிவு என்று தவறாக எண்ணப்படுகிறது. சுவருக்குள் புதைந்து வெளி முகத்தை எட்டும் இரும்பு விட்டம் வெளிக்குளிரை அறைக்குள் கொண்டுவருகிறது. அதன் முதல் ஓரிரு அடியில்தான் நீர் துளிர்க்கும். சொட்டு விழும் இடம் ஒவ்வோர் ஆண்டும் அதே முனையாக இருந்து, மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றால் இதுதான் காரணம்.

முதலில் நீராவியைக் குறையுங்கள். குளியலறையும் சமையலறையும் ஆழமான கட்டிடத்தின் நடுவில், ஜன்னலே இல்லாத இடத்தில் அமைவது இம்மாற்றங்களின் பொதுவான குறை. அங்கிருந்து வெளிச் சுவர்வரை நீளும் காற்றுக்குழாய் பல நேரம் மேற்கூரைப் பலகைக்கு மேலே நசுங்கியோ கழன்றோ கிடக்கும். விசிறி சுற்றும், காற்று போகாது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை விசிறி வாயில் பிடியுங்கள். அது ஒட்டி நின்றால் ஓரளவு இழுக்கிறது. விழுந்தால் குழாயைத் திறந்து பாருங்கள். அடுத்தபடியாக, பழைய ஜன்னலைக் கழற்றாமல் அதன் உட்பக்கம் இரண்டாம் கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பொருத்தலாம். உட்சட்டம் இறுக்கமாகவும் வெளிச்சட்டம் சற்றே காற்று புகும்படியும் இருக்க வேண்டும். இது தலைகீழானால் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் நீர் கோத்து நிற்கும்.

முழுச் சுவருக்கும் உள்ளே தடித்த வெப்பக் காப்புப் பலகை அறைவது பற்றி எச்சரிக்கை தேவை. அறையின் வெப்பம் செல்லாததால் செங்கல் சுவர் முன்னைவிடக் குளிர்ந்து, நனைந்த நிலையிலேயே நிற்கும். அதில் புதைந்த மர உத்தரங்களின் முனைகள் அந்த ஈரத்தில் ஊறும். மெல்லியதாகவும், நீராவியைக் கடத்தக்கூடியதாகவும், சுவரோடு இடைவெளியின்றி ஒட்டியதாகவும் உள்ள காப்பே இங்கே பொருந்தும். சூடு சற்றுக் குறைவாகக் கிடைத்தாலும் கட்டிடம் பிழைக்கும்.

கீழ்த்தளத்தில் நீர் வருகிறது

இங்கேதான் கடிகாரம் தன் முழு வலிமையைக் காட்டும். கடலின் ஏற்றம் எட்டும் பெரும்பாலான ஆறுகளில், நீரின் ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடைப்பட்ட நேரம் சுமார் 12 மணி 25 நிமிடம். எனவே இன்றைய உச்சம் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வரும். உங்கள் தரையில் நீர் தோன்றும் நேரமும் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போனால் வருவது ஆறு. வேறு எவரையும் சந்தேகிக்க வேண்டாம். தினமும் காலை ஏழு மணிக்கே வந்தால் அது மேல்வீட்டுக் குளியலறை. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் மட்டும் வந்தால், ஏற்றம் மிகப்பெரிதாகும் நாட்களில் மட்டும் எட்டக்கூடிய உயரத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது என்று பொருள். லண்டன் பாலத்தருகே தேம்ஸின் மட்டம் பெரிய ஏற்றக் காலங்களில் ஏறக்குறைய 7 மீட்டர்வரை ஏறி இறங்குகிறது; அத்தகைய ஆற்றின் கரையில் சுவரின் ஒரு சாண் உயர வேறுபாடே நனைவதையும் நனையாததையும் தீர்மானிக்கும்.

ஆறுதான் என்று உறுதியானால், கரைச்சுவரைக் குறை சொல்வதற்கு முன் வடிகாலின் வாயைப் பாருங்கள். கட்டிடத்தின் நீர் ஆற்றில் விழும் குழாய் முனையில், வெளியே போக மட்டும் திறந்து உள்ளே வர மூடிக்கொள்ளும் தொங்கு மடிப்பு ஒன்று இருக்கும். ஒரு குச்சியோ கந்தலோ சிக்கினால் அது மூடாது. ஆறு அதே குழாய் வழியாகத் திரும்பி உங்கள் தரைவடிகாலில் எழும். நீர் இறங்கிய நேரத்தில் அதைத் திறந்து துப்புரவு செய்து, தானே முழுதாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் சேற்றில் இறங்கும் அந்த வேலை, நீரின் நேரம் அறிந்த துணையாளுடன் வரும் தொழிலாளருடையது; குடியிருப்பவர் தனியே இறங்கக் கூடாது.

வடிகால் சரியாக இருந்தும் நீர் வந்தால், பழைய படகுத்துறைத் திறப்புகள், கைவிடப்பட்ட குழாய்கள், மின்வடம் நுழையும் துளைகள் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். சுவரின் முகம் முழுவதும் மெல்லக் கசிந்தால் அது கரைச்சுவரின் பணி. பொறியாளரின்றித் தொடக் கூடாது. உட்பக்கம் நீர்புகாப் பூச்சு பூசி ஆற்றை அடைத்துவிடலாம் என்ற யோசனை, நீரின் அழுத்தத்தைச் சுவருக்குப் பின்னால் தேக்கி வைப்பதாகவே முடியும். நீரை உள்ளே வரவிட்டு, வாய்க்காலில் சேர்த்து, இறைத்து வெளியேற்றும் ஏற்பாடே பழைய கட்டிடத்துக்கு இணக்கமானது. அந்த இறைப்பானுக்கு மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

மேல்வீட்டு நடை தலைக்குமேல் கேட்கிறது

நடை, நாற்காலி இழுப்பு, பந்து விழுவது ஆகியவை தளத்தைத் தாக்கி வரும் ஒலி. பேச்சும் தொலைக்காட்சியும் காற்று வழியே வரும் ஒலி. இரண்டுக்கும் மருந்து வேறு. தடித்த பலகைத் தளம் கிடங்கில் மூட்டை சுமந்ததே தவிர, கீழே எவரும் உறங்கவில்லை. ஒலியைத் தடுக்க எவரும் அதைச் செய்யவில்லை.

மேல்வீட்டாரின் இசைவோடு ஒருவர் மேலே நடக்க, மற்றவர் கீழே வெவ்வேறு இடங்களில் காதை வைத்துக் கேளுங்கள். வார்ப்பிரும்புத் தூணில் காதை வைக்கும்போது கூரையைவிட உரக்கக் கேட்டால், ஒலி தூணின் வழியே இறங்குகிறது. தளந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து தொடரும் தூண்கள் அடிக்கும் ஒலியை மாடிகள் கடந்தும் கொண்டுபோகும். அந்நிலையில் உங்கள் கூரையின் அடியில் எத்தனை பலகை அறைந்தாலும் பயன் சிறிதே. மேல்வீட்டில், தரைக்கும் நடைபரப்புக்கும் இடையே மெத்தென்ற அடுக்கு ஒன்றை விரித்து, புதிய நடைபரப்பு தூணையோ சுவரையோ தொடாமல் ஓர் இடைவெளி விட்டு நிறுத்துவதுதான் உண்மையான தீர்வு. தூணைச் சுற்றி அழகுக்காக இறுக்கி வைத்த மரவளையம் ஒன்று முழு வேலையையும் வீணாக்கும்.

பேச்சொலிக்கு முதல் சந்தேகம் இடுக்குகள்மேல் விழ வேண்டும். குழாய் நுழையும் துளை, தூண் தளத்தைக் கடக்கும் வட்டம், பலகைகளின் இடைவெளி என விரற்கடை இடுக்கு ஒன்று இருந்தால், சுற்றிலும் உள்ள கனத்த கட்டுமானத்தின் பயன் பெருமளவு போய்விடும்.

பக்கத்து வீட்டுச் சமையல் மணம் வருகிறது

இதை அண்டை வீட்டுச் சச்சரவாக எண்ணி விட்டுவிடாதீர்கள். மணம் வரும் வழியில் புகையும் வரும். ஒரு வீட்டின் தீ மற்றொரு வீட்டுக்குப் போகாமல் தடுக்க வேண்டிய தடுப்பில் எங்கோ துளை இருக்கிறது என்பதற்கு, உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்த சான்று அது.

கிடங்குகளின் தீ வரலாறு கடுமையானது. 1861-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் டூலி தெருவின் ஆற்றங்கரைக் கிடங்குகளில் பிடித்த தீ இரண்டு வாரம் எரிந்தது. தீயணைப்புப் படைத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் இடிந்து விழுந்த சுவரின் அடியில் உயிரிழந்தார். தீயைத் தடுக்க இருந்த இரும்புக் கதவுகள் அன்று திறந்தே விடப்பட்டிருந்தன. லிவர்பூலில் ஜெஸ்ஸி ஹார்ட்லி வடிவமைத்து 1846-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் டாக், தாங்கும் உறுப்புகளில் மரமே இல்லாமல் செங்கல், கல், வார்ப்பிரும்பு கொண்டு எழுப்பப்பட்டதும் தீ குறித்த அச்சத்தால்தான். ஆனால் வார்ப்பிரும்பும் எரியாத பொருளே தவிர, தீயைத் தாங்கும் பொருள் அன்று. சூடேறிய தூண்மேல் நீர் பட்டால் அது வெடித்து முறியக்கூடும். ஆகவே வெறும் தூண் அழகாகத் தெரியும் வீட்டில், அதன்மேல் பூசியிருப்பது சாதாரணச் சாயமா, சூட்டில் நுரைத்துப் பெருகிக் காக்கும் சாயமா என்று ஆவணத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். முன்னவர் வீட்டைப் புதுப்பிக்கும்போது அதைச் சுரண்டி எடுத்திருக்கவும் வாய்ப்புண்டு.

மணத்தின் வழியைத் தேட, சமையல் நடக்கும் நேரத்தில் குழாய்க்கூடு, மின்பெட்டி, தொங்கு கூரையின் மேற்பகுதி, பழைய பாரந்தூக்கிக் குழி ஆகியவற்றின் விளிம்பில் ஊதுவத்தியின் புகையைப் பிடித்து, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். துளை கண்டபின் கடையில் கிடைக்கும் நுரையை நீங்களே அடித்து மூட வேண்டாம். சாதாரண நுரை தீயில் உருகி எரியும். தீத்தடுப்புக்குரிய பொருளைக் கொண்டு, அவ்வேலையில் பயின்றவர் செய்து, படமெடுத்துப் பதிந்து வைக்க வேண்டிய பணி இது.

சுவரில் விரிசல்

பழைய கட்டிடத்தில் விரிசல் இருப்பது செய்தி அல்ல. அது நகர்கிறதா என்பதே செய்தி. விரிசலுக்குள் தூசியும் பழைய சாயமும் படிந்திருந்தால் அது கிழவன். உட்புறம் புதுச் செங்கல் நிறத்தில் பளிச்சென்றிருந்தால் அண்மையில் திறந்தது. இரு முனைகளிலும் நாளைக் குறித்து, குறுக்கே மூன்று இடங்களில் அகலத்தை அளந்து, குறைந்தது ஓராண்டு மாதந்தோறும் எழுதுங்கள். கோடையில் மூடிக் குளிரில் திறந்து, ஆண்டு முடிவில் தொடங்கிய அளவுக்கே வந்தால் அது வெப்பத்தின் விளையாட்டு. 1 மில்லிமீட்டர்வரை உள்ளது பூச்சு வேலை. 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, அளவு எதுவானாலும் ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போனாலோ கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

வடிவமும் பேசும். ஒவ்வொரு மாடியின் மட்டத்திலும், விட்டத்தின் முனை இருக்கும் இடத்தில் கிடையாக விரிசல் ஓடி, செங்கல் வெளிப்பக்கம் லேசாகப் புடைத்திருந்தால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த விசைக்குச் செங்கல் வழிவிட்டே ஆகவேண்டும். வெளியில் சாந்து வைத்து மூடுவதால் எதுவும் ஆகாது. செங்கல்லை எடுத்து, துருவை நீக்கி, காப்புச் சாயம் பூசி, நீர் வந்த வழியை அடைத்து, மீண்டும் கட்ட வேண்டும். சுவரின் வெளிமுகத்தில் தெரியும் வட்டமான அல்லது குறுக்கு வடிவ இரும்புத் தட்டுகள், எதிர்ச் சுவரோடு இழுத்துக் கட்டிய கம்பிகளின் முனைகள். அலங்காரம் என்று எண்ணி அவற்றின் உள்முனையைத் தளர்த்தவோ அறுக்கவோ கூடாது.

ஆற்றை நோக்கி ஒரு பக்கம் மட்டும் படிப்படியாக இறங்கும் விரிசல், அடித்தளத்தைப் பற்றியது. ஹாம்பர்க்கின் ஷ்பைஹர்ஷ்டாட் கிடங்குத் தொகுதியைப் போல, மண்ணில் அடித்த மரக்கழிகள்மேல் நிற்கும் கிடங்குகள் பல உண்டு. நீரில் மூழ்கியிருக்கும்வரை அக்கழிகள் நூற்றாண்டுகள் தாங்கும். அருகில் ஆழமான கட்டுமானத்துக்காக நிலத்தடி நீரை இறைத்து, கழியின் தலை காற்றில் பட்டுவிட்டால் அழுகல் தொடங்கும். எனவே விரிசல் தொடங்கிய மாதத்தில் அக்கம்பக்கத்தில் பள்ளம் தோண்டினார்களா என்று விசாரியுங்கள். அந்தப் பதில் பொறியாளருக்கு மிகுந்த உதவியாகும்.

தரை அதிர்கிறது

வீடுகளின் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிலோ சுமைக்குக் கணக்கிடப்படுகிறது. மூட்டை அடுக்கிய கிடங்குத் தளம் பொதுவாக அதற்கு மேலும் சுமந்தது. ஆகவே நடக்கையில் அலமாரியில் கோப்பைகள் கிலுங்குவது பலவீனத்துக்குச் சான்றல்ல. விறைப்புக் குறைவு, அவ்வளவே. புதிதாகத் தொடங்கிய அதிர்வும், ஒரு மூலையில் மட்டும் வரும் அதிர்வும் வேறு. அவற்றுக்கு அடுத்த பகுதியைப் படியுங்கள். கதவுகள் தாமே திறக்கும்படி தளம் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வு எவ்வளவு பழையது என்பதற்குக் கதவின் அடிப்பாகமே சாட்சி: முன்பே சாய்வாகச் சீவப்பட்டிருந்தால் தாத்தா காலத்துச் சாய்வு.

உத்தரத்தின் முனையில் மண்வாடை

மர உத்தரங்கள் உள்ள கிடங்கில், எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது ஆற்றுப்பக்கச் சுவருக்குள் புதைந்த முனைகள். அறைக்குள் தெரியும் பகுதி எஃகுபோல் இருக்கும்போதே, சுவருக்குள் உள்ள ஒரு சாண் பஞ்சாகியிருக்கலாம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு இடம் கொடுத்தது போலாகும். சுவரை ஒட்டிய இடத்தில் மெல்லிய திருகுளியை அழுத்துங்கள். பக்கத்தில் அழுத்தியதைவிட எளிதாக இறங்கினால் ஐயம் கொள்ளுங்கள். மரம் குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சிறுசிறு கனசதுரங்களாகப் பிரிந்து, சாம்பல் நிறப் பஞ்சிழைகளும் துருநிறத் தூளும் தெரிந்தால், அது செங்கல்லையும் கடந்து பரவக்கூடிய உலர் அழுகல் எனப்படும் பூஞ்சையாக இருக்கக்கூடும். பெயரில் உலர் இருந்தாலும் அதற்கும் ஈரம் வேண்டும். ஆகவே மருந்து தெளிப்பது இரண்டாவது வேலை. நீரை நிறுத்திக் காற்றை விடுவது முதல் வேலை.

பழைய தச்சர்கள் உத்தர முனையைச் சுற்றிச் சிறு வெற்றிடம் விட்டிருந்தால், அதைச் சாந்து வைத்து அடைத்தது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் வீடுகளாக மாற்றிய காலத்து வேலையாக இருக்கும். அடைப்பை நீக்கிக் காற்றோட்டம் கொடுப்பதே சில இடங்களில் போதுமானது. முனை கெட்டிருந்தால் நல்ல மரம்வரை வெட்டி, புது மரத்தையோ எஃகையோ இணைத்து நீட்டலாம். முழு உத்தரத்தையும் மாற்றச் சொல்பவரிடம் இரண்டாம் கருத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கழிநீர் வாடை, களகளப்பு

நீண்ட நாள் பயன்படுத்தாத குளியலறையென்றால் வளைகுழாயில் நிற்கும் நீர் ஆவியாகிப் போயிருக்கும்; ஒரு குவளை நீர் ஊற்றினால் வாடை நிற்கும். ஊற்றியும் சில மணி நேரத்தில் வாடை திரும்பி, மேல்வீட்டார் நீர் விடும்போதெல்லாம் களகளவென்று ஒலித்தால், குழாய்க்குள் காற்று வரும் வழி போதவில்லை; உங்கள் வளைகுழாயின் நீரை அது உறிஞ்சிக்கொள்கிறது. நடுவிலிருந்து வெளிச் சுவர்வரை கிடையாகப் போகும் குழாய்க்கு 40-க்கு 1 என்ற சரிவாவது வேண்டும். உத்தரத்தை வெட்டக் கூடாது என்பதற்காகச் சரிவைக் குறைத்த வீடுகளில் அடைப்பு அடிக்கடி வரும்.

கைப்பேசி எடுக்கவில்லை

தடித்த செங்கல்லும் இரும்பும் அலையைத் தின்னும். ஜன்னலோரம் எடுக்கிறது, நடுவில் எடுக்கவில்லை என்றால் கருவியில் குறையில்லை. வீட்டின் இணைய வழியாகப் பேசும் வசதியை இயக்கி, அறைக்கு அறை கம்பி இழுத்து இணையப் பரப்பிகளை வைப்பது நலம்.

வேலையைத் தொடங்குமுன்

பழுது உங்களுடையதா, பொதுவினதா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். வெளிச் சுவர், கூரை, தூண், உத்தரம், கரைச்சுவர் ஆகியவை பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றில் தனியே கை வைத்தால் பிற்பாடு வரும் கேட்டுக்கு நீங்களே பொறுப்பாக நேரிடும். கட்டிடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் ஜன்னல் மாற்றம், காரை நீக்கம் போன்றவற்றுக்கும் முன் இசைவு தேவைப்படலாம். இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டிடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை இசைவின்றிச் செய்வது குற்றவியல் வழக்குக்கு உரியது. விண்ணப்பத்தோடு நான்கு வாரக் குறிப்பேட்டின் நகலையும், அளவுகோல் வைத்து எடுத்த படங்களையும், உப்புச் சோதனை செய்திருந்தால் அதன் முடிவையும் இணையுங்கள். பொறியாளரை அழைக்கும் நாளை, ஆற்றில் நீர் மிக ஏறியிருக்கும் நேரமும் மிக இறங்கியிருக்கும் நேரமும் பகலிலேயே விழும்படி தேர்ந்தெடுங்கள்; அவர் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.